வாசகர் கேள்விகள்: எர்ன்ஸ்லா கப்பலும் ஏரிக்கு அக்கரையிலுள்ள ஆட்டுப் பண்ணையும்

நியூசிலாந்தின் தென்தீவிலுள்ள குயின்ஸ்டவுன் நகரத்திலிருந்து ‘டி.எஸ்.எஸ். எர்ன்ஸ்லா’ என்னும் பழைய நீராவிக் கப்பலில் வகாட்டிப்பு ஏரியைக் கடந்து, வால்டர் பீக் மலையடிவாரத்து ஆட்டுப் பண்ணைக்குச் சென்றுவந்ததைப் பற்றிச் சென்ற இதழில் அரைப் பக்க அளவில் எழுதியிருந்தேன். அந்த அரைப் பக்கம் பலருக்குப் போதவில்லை என்பது வந்த கடிதங்களிலிருந்து தெரிகிறது. ஒரே பொருளைக் கேட்டிருந்த கடிதங்களைச் சேர்த்து இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: ‘ஷீப் ஸ்டேஷன்’ என்று எழுதியிருந்தீர்கள். ஆடுகளுக்கு என்ன ஸ்டேஷன்? அச்சுப் பிழையா? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: அச்சுப் பிழை இல்லை. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஆயிரக்கணக்கான ஏக்கர் பரப்பில், பெரும்பாலும் அரசிடமிருந்து குத்தகைக்குப் பெற்ற மேய்ச்சல் நிலத்தில், ஆடுகளையோ மாடுகளையோ வளர்க்கும் பெரும் பண்ணைக்கு ‘ஸ்டேஷன்’ என்றே பெயர். ஆனாலும் உங்கள் சந்தேகம் முற்றிலும் வழி தவறியதன்று. அந்தப் பண்ணைக்கு நம்மை அழைத்துச் செல்லும் கப்பலைக் கட்டுவித்ததும், அரை நூற்றாண்டுக்கு மேலாக ஓட்டியதும் நியூசிலாந்து ரயில்வே துறைதான்.

கேள்வி: சுற்றிலும் மலைகள், கடலோ வெகு தொலைவு. அவ்வளவு பெரிய இரும்புக் கப்பல் ஏரிக்குள் எப்படி வந்தது? ரயில்வே எதற்காகக் கப்பல் ஓட்டியது? (திருநெல்வேலி வாசகி)

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொன்னால் முதல் கேள்வி எளிதாகிவிடும். வகாட்டிப்பு ஏரி மின்னல் கீற்றைப் போல இரண்டு இடங்களில் முறிந்து வளைந்து, ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது. அதன் தென்முனையிலுள்ள கிங்ஸ்டன் என்ற சிற்றூர்வரை 1878ஆம் ஆண்டிலேயே ரயில் பாதை வந்துவிட்டது. அதற்கு அப்பால் செங்குத்தான பாறைச் சரிவுகள் நேரே நீருக்குள் இறங்குவதால் பாதையை நீட்ட வழியில்லை. ஆகவே கிங்ஸ்டனில் ரயிலை விட்டு இறங்குகிறவர்கள் குயின்ஸ்டவுனுக்கும், ஏரியின் வடமுனையிலுள்ள கிளெனோர்க்கிக்கும், கரையோரப் பண்ணைகளுக்கும் நீர்வழியாகவே போக வேண்டியிருந்தது. ரயில்வேயைப் பொறுத்தவரை கப்பல் என்பது தண்டவாளம் முடிந்த இடத்திலிருந்து தொடரும் பாதை, அவ்வளவே.

இனி, அது வந்த விதம். டனீடின் நகரத்திலிருந்த ஜான் மெக்கிரெகர் நிறுவனம் கப்பலின் எஃகு உடலைத் தன் பட்டறையில் முழுவதுமாகப் பூட்டிப் பார்த்தது. பிறகு அதே உடலைக் கழற்றி, ஒவ்வொரு தகட்டுக்கும் எண் இட்டு, ரயில் வண்டிகளில் ஏற்றித் தென்தீவின் குறுக்கே கிங்ஸ்டனுக்கு அனுப்பியது. அங்கே ஏரிக்கரையில் எண் வரிசைப்படி தகடுகளை மீண்டும் சேர்த்துத் தறையாணி அடித்தார்கள். 1912 பிப்ரவரி 24 அன்று கப்பல் நீரில் இறக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 18 அன்று கிங்ஸ்டனிலிருந்து குயின்ஸ்டவுனுக்குத் தன் முதல் பயணத்தை மேற்கொண்டது. நீளம் 51 மீட்டருக்குச் சற்றே கூடுதல், அகலம் 7 மீட்டருக்குச் சற்றே கூடுதல். ஏரியின் வடமுனையில் 2,800 மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கும் எர்ன்ஸ்லா சிகரத்தின் பெயரையே அதற்கு இட்டார்கள். அதே 1912இல்தான் டைட்டானிக் மூழ்கியது என்பதை அங்கே வரும் பயணிகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். எனக்கு அந்த ஒப்பீட்டில் அவ்வளவு சுவை தோன்றவில்லை. டைட்டானிக் செல்வர்களின் சொகுசுக்குப் பெயர் பெற்ற கப்பல். எர்ன்ஸ்லாவோ ஒரே நடையில் 1,500 ஆடுகள் வரை ஏற்றிச் சென்ற வேலைக்காரக் கப்பல். கம்பளிப் பொதி, மாடு, தபால், மளிகை, பள்ளிக்கூடப் பிள்ளைகள், திருமண வீட்டார் என்று எல்லாவற்றையும் அது சுமந்திருக்கிறது.

அதன் வேலையைச் சாலைகள் சிறிது சிறிதாகப் பறித்தன. 1936இல் கிங்ஸ்டனுக்கும் குயின்ஸ்டவுனுக்கும் இடையே சாலை திறந்தது. 1962இல் கிளெனோர்க்கிக்கும் சாலை போய்விட்டது. 1960களின் இறுதியில் கப்பலை உடைத்துவிடுவதாகவே இருந்தது. 1969இல் ஒரு சுற்றுலா நிறுவனம் அதைக் குத்தகைக்கு எடுத்து, பின்னர் 1982இல் விலைக்கே வாங்கிக்கொண்டது; இன்று ‘ரியல்என்இசட்’ என்ற பெயரில் இயங்கும் அந்நிறுவனமே கப்பலையும் வால்டர் பீக் பண்ணையிலுள்ள சுற்றுலாவையும் நடத்துகிறது.

கேள்வி: இயந்திர அறையைப் பயணிகளே பார்க்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். நான் ஓய்வுபெற்ற பொறியாளன். நீராவி இயந்திரத்தை அசல் வடிவிலேயே வைத்திருக்கிறார்களா, அல்லது உள்ளே டீசலை மறைத்துவைத்துக்கொண்டு புகை மட்டும் காட்டுகிறார்களா? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: அசல்தான். கப்பலின் நடுப்பகுதியில் இயந்திர அறைக்கு மேலே இரும்பு நடைபாதை ஒன்று உள்ளது. கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு கீழே பார்த்தால், ரயில் எஞ்சின்களில் உள்ளவற்றைப் போன்ற இரண்டு கொதிகலன்களும், அவற்றின் வாயைத் திறந்து மண்வாரியால் கரியை வீசும் தொழிலாளர்களும், பக்கத்தில் மும்மடி விரிவு இயந்திரங்கள் இரண்டும் கண்ணெதிரே தெரியும். இரண்டும் சேர்ந்து 500 குதிரைத்திறன். கப்பல் ஓடும்போது மணிக்கு ஏறத்தாழ ஒரு டன் நிலக்கரி செலவாகிறது.

மும்மடி விரிவு என்பதைத் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். கொதிகலனிலிருந்து வரும் உயர் அழுத்த நீராவி முதலில் ஒரு சிறிய சிலிண்டரில் நுழைந்து தண்டைத் தள்ளுகிறது. அங்கே விரிந்து அழுத்தம் குறைந்த நீராவியை வீணாக வெளியே விட்டுவிடாமல், அதைவிடப் பெரிய இரண்டாவது சிலிண்டருக்கும், பிறகு இன்னும் பெரிய மூன்றாவதற்கும் அனுப்புகிறார்கள். அழுத்தம் குறையக் குறையத் தள்ளும் பரப்பை அகலமாக்கினால், இளைத்துப்போன நீராவியிடமிருந்தும் ஏறக்குறைய அதே வேலையை வாங்கிவிடலாம் என்பதே சூட்சுமம். கரும்பை மூன்று முறை ஆலையில் கொடுத்துப் பிழிவதைப் போன்றது என்று என்னோடு வந்த ஒருவர் சொன்னார். அதைவிட நல்ல உவமை எனக்குக் கிடைக்கவில்லை.

‘டி.எஸ்.எஸ்.’ என்ற எழுத்துகளுக்கு இரட்டைச் சுழலி நீராவிக் கப்பல் என்று பொருள். ஓர் இயந்திரத்துக்கு ஒரு சுழலி வீதம் இரண்டு இருப்பதால், ஒன்றை முன்னோக்கியும் மற்றொன்றைப் பின்னோக்கியும் சுழலவிட்டு, குறுகிய துறையிலும் கப்பலைத் திருப்பிவிடலாம். மேல்தளத்திலிருக்கும் கேப்டனால் இயந்திரத்தை நேரடியாக இயக்க முடியாது என்பதையும் கவனியுங்கள். அவர் பித்தளைத் தந்திக் கருவியின் பிடியை நகர்த்துகிறார். கீழே மணி அடித்து முள் நகர்கிறது. பொறியாளர் அதைப் பார்த்துத் தம் பக்கத்துப் பிடியை நகர்த்தி, ஆணை கிடைத்ததை உறுதிசெய்துவிட்டு அடைப்பிதழைத் திருகுகிறார். கப்பல் துறையை நெருங்கும் கடைசிச் சில நிமிடங்களில் இந்த மணி இடைவிடாமல் அடிக்கும். பயணிகளில் பெரும்பாலோர் அப்போது இறங்குவதற்காக வரிசையில் போய் நின்றுவிடுகிறார்கள். நீங்கள் மட்டும் அந்த நடைபாதையை விட்டு நகராதீர்கள்.

கரிப்புகையைப் பற்றி வேறு இருவர் கடுமையாகவே கேட்டிருக்கிறார்கள். ஒரு டன் நிலக்கரி எரிந்தால் ஏறத்தாழ இரண்டு டன் கரியமில வாயு வெளிவரும். அது குறைந்த அளவு என்று நான் வாதிடப் போவதில்லை. அதே சமயம், நம் நாட்டிலிருந்து குயின்ஸ்டவுனுக்கு விமானத்தில் போய்த் திரும்பும் ஒரே ஒரு பயணியின் கணக்கில் எழுதவேண்டிய புகை அதற்குக் குறைந்ததன்று. அவ்வளவு தூரம் பறந்து வந்துவிட்டுக் கப்பலின் புகைபோக்கியைப் பார்த்து முகம் சுளிப்பது பொருந்துமா என்று, விமானத்தில் சென்றவன் என்ற முறையில், என்னையும் சேர்த்தே கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: வால்டர் பீக்கில் நடப்பது உண்மையான பண்ணைத் தொழிலா, அல்லது சுற்றுலாப் பயணிகளுக்காக நடத்தும் காட்சியா? (சென்னை வாசகி)

பதில்: கப்பல் துறைக்கு அருகே நாம் பார்ப்பது காட்சி. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது. குறித்த நேரத்துக்கு நாய் ஆடுகளை ஓட்டிக்காட்டும். ஒருவர் ஓர் ஆட்டுக்கு உரோமம் கத்தரித்துக்காட்டுவார். குழந்தைகள் ஆடுகளுக்குத் தீனி கொடுப்பார்கள். நீண்ட செம்மயிரும் அகன்ற கொம்புகளும் கொண்ட ஸ்காட்லாந்து மலைநாட்டு மாடுகள் வேலிக்கு அப்பால் நின்று நம்மைப் பார்க்கும். ஆனால் காட்டப்படும் ஒவ்வொரு செயலும் அந்த மண்ணில் ஒன்றரை நூற்றாண்டாக நடந்துவந்த வேலையின் ஒரு துண்டு. அந்த வேலையைத் தெரிந்துகொண்டு போகிறவருக்குக் காட்சி வேறு விதமாகத் தெரியும் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

1860இல் வில்லியம் கில்பர்ட் ரீஸ், நிக்கோலஸ் வான் டன்செல்மன் என்ற இருவர் மேய்ச்சல் நிலம் தேடி இந்த ஏரிக்கரைக்கு வந்தார்கள். யாருக்கு எந்தக் கரை என்பதை நாணயம் சுண்டி முடிவுசெய்தார்கள் என்பது அங்கே வழங்கும் கதை. ரீஸுக்குக் கிழக்குக் கரை கிடைத்தது. டன்செல்மன் மேற்குக் கரைக்குப் போனார். இரண்டே ஆண்டுகளில், 1862இல், பக்கத்து ஆறுகளில் பொன் கிடைத்தது. பொன் தேடிகள் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்ததில் ரீஸின் ஆட்டுப் பண்ணை இருந்த இடம் குயின்ஸ்டவுன் என்ற ஊராகிவிட்டது. இன்று அவர் ஓர் ஆட்டுடன் வெண்கலச் சிலையாக அந்த நகரத்து ஏரிக்கரையில் நிற்கிறார். பொன் கிடைக்காத மேற்குக் கரை பண்ணையாகவே நின்றுவிட்டது. டன்செல்மன் அங்கே நிலைக்கவில்லை; அவர் பெயரின் முதல் துணுக்கு மட்டும் ‘வான்’ ஆறு என்று அந்தப் பள்ளத்தாக்கில் தங்கிவிட்டது. 1880களில் அங்கே வந்த மெக்கன்சி குடும்பத்தார் பண்ணையைப் பெருக்கினார்கள். உச்சகட்டத்தில் 1,70,000 ஏக்கர் நிலமும் 40,000 ஆடுகளும் அவர்கள் கையில் இருந்தன. நாம் தேநீர் அருந்தும், சிவப்புக் கூரை போட்ட ‘கர்னல் இல்லம்’ அக்குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கர்னலின் பெயரால் அழைக்கப்படுகிறது. பழைய வீடு 1977இல் தீக்கிரையாயிற்று. இப்போதிருப்பது அதன் பிறகு கட்டியது.

40,000 ஆடுகளை மலையில் வைத்துப் பராமரிப்பது எப்படி என்பதுதான் விஷயம். கோடையில் ஆடுகள் உயரத்துப் புல்வெளிகளில் தாமே மேயும். அங்கே மேய்ப்பவர் என்று உடன் எவரும் இருப்பதில்லை. நம் ஊர்க் கீதாரிகள் கிடையோடு கூடவே நடப்பதை நினைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு இதுவே முதல் வியப்பு. இலையுதிர் காலத்தில், அதாவது மார்ச், ஏப்ரல், மே மாதங்களில், பனி விழுவதற்கு முன்பாக ஆட்கள் கோலும் நாய்களுமாக முகடுகளுக்கு ஏறி, வரிசையாகப் பரந்து நின்று, மலை முழுவதையும் கோதுவதைப் போல ஆடுகளைக் கீழே இறக்க வேண்டும். இதற்கு ‘மஸ்டர்’ என்று பெயர். ஒரு சரிவை விட்டுவிட்டால் அங்கே தங்கிய ஆடுகள் பனியில் புதைந்துபோகும். 1895ஆம் ஆண்டின் கடும்பனியில் தென்தீவின் மலைநாட்டுப் பண்ணைகள் பட்ட இழப்பு அந்தப் பகுதியின் வரலாற்றில் நீங்காமல் பதிந்திருக்கிறது.

நாய்கள் இரண்டு வகை. காட்சியில் இதைக் கவனிக்கத் தவறாதீர்கள். ‘ஹெடிங்’ நாய் ஓசையே இல்லாமல் சுற்றிப்போய் ஆடுகளின் முன்னால் தாழ்ந்து நின்று, கண்ணாலேயே அவற்றைக் கட்டி நிறுத்தித் திருப்பிக் கொண்டுவரும். ‘ஹன்டவே’ நாய் நியூசிலாந்திலேயே உருவாக்கப்பட்ட இனம். அது பின்னாலிருந்து உரத்துக் குரைத்து மந்தையைத் துரத்தும். ஒரு மைல் அகலமுள்ள பள்ளத்தாக்கில் மனிதக் குரல் எட்டாத இடத்தில் அந்தக் குரைப்பு எட்டும்; அதற்காகவே அதை வளர்த்தெடுத்திருக்கிறார்கள். நான் போன நாளில் பண்ணையாள் விரலை வாயில் வைத்து அடித்த ஒவ்வொரு சீழ்க்கைக்கும் தனிப் பொருள் இருந்தது. கூட்டத்திலிருந்த ஒரு சிறுவன் தானும் அடித்துப் பார்த்தான். நாய் திரும்பியும் பார்க்கவில்லை.

இப்படி இறக்கிவந்த ஆடுகளின் கம்பளியைப் பொதிகளாக அழுத்திக் கட்டி, இதே துறையில் இதே கப்பலில் ஏற்றி, கிங்ஸ்டனில் ரயிலுக்கு மாற்றித் துறைமுகங்களுக்கு அனுப்பினார்கள். கப்பல் இல்லாவிட்டால் அந்தக் கம்பளி கரையேறியிராது. ஆடுகள் இல்லாவிட்டால் அவ்வளவு பெரிய கப்பலுக்குத் தேவையும் இருந்திராது. கப்பலை ஒரு சுற்றுலா என்றும் பண்ணையை மற்றொரு சுற்றுலா என்றும் பிரித்து, கப்பலில் மட்டும் போய்த் திரும்பும் சீட்டு வாங்குகிறவர்களைப் பார்த்தால், கதையின் பாதியில் எழுந்துபோகிறவர்களைப் பார்ப்பதுபோல் எனக்குத் தோன்றுகிறது.

இன்று அந்த நாட்டின் நிலை மாறிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். 1982இல் நியூசிலாந்தில் ஏறத்தாழ 7 கோடி ஆடுகள் இருந்தன. இப்போது இரண்டரைக் கோடிக்கும் குறைவு. முரட்டுக் கம்பளியின் விலை விழுந்ததில், கத்தரிக்கும் கூலிக்கே கம்பளியின் விலை போதாத ஆண்டுகளும் வந்திருக்கின்றன. மெல்லிய இழையுள்ள மெரினோ ஆடுகளை வளர்க்கும் மலைநாட்டுப் பண்ணைகளே ஓரளவு தாக்குப்பிடித்தன. வால்டர் பீக்கின் கரையோர நிலம் சுற்றுலாவுக்குத் திரும்பியதில் எனக்கு வியப்பில்லை.

கேள்வி: உரோமம் கத்தரிக்கும்போது ஆடு துன்பப்படுவதில்லையா? (மதுரை வாசகி)

பதில்: பழகிய கைகளில் துன்பமில்லை. ஆட்டைப் பிட்டத்தில் உட்காரவைத்து, முதுகைத் தம் முழங்கால்களுக்கு இடையில் சாய்த்துக்கொள்கிறார்கள்; கால் தரையில் ஊன்றாத நிலையில் ஆடு திமிறுவதை விட்டுவிடுகிறது. தோலை ஒரு கையால் இழுத்து நீவிக்கொண்டே மறுகையால் கருவியை ஓட்ட வேண்டும். சுருக்கம் இருந்தால் தோல் வெட்டுப்படும். முழு உரோமமும் ஒரே போர்வையாகக் கழன்று விழும். தேர்ந்தவர்கள் ஒரு நாளில் நூற்றுக்கணக்கான ஆடுகளை முடித்துவிடுவார்கள். இதற்கென்றே ‘கோல்டன் ஷியர்ஸ்’ என்ற போட்டி 1961 முதல் மாஸ்டர்டன் நகரத்தில் நடந்துவருகிறது. கம்பளிக்காக வளர்க்கும் இந்த ஆடுகளுக்கு உரோமம் தானாக உதிராது என்பதால் கத்தரிக்காமல் விடுவதுதான் கொடுமை. மெரினோ ஆடுகளின் பின்புறத் தோலை ஈத்தொல்லைக்காக அறுத்தெடுக்கும் வழக்கமே உண்மையில் கண்டனத்துக்கு உள்ளானது. அதை நியூசிலாந்து 2018 அக்டோபரில் சட்டத்தால் தடைசெய்துவிட்டது.

கேள்வி: எழுபது வயதான என் தாயாரை அழைத்துச் செல்லலாமா? எந்த மாதம் ஏற்றது? எவ்வளவு நேரம் வேண்டும்? (சேலம் வாசகர்)

பதில்: தாராளமாக அழைத்துச் செல்லுங்கள். ஏரியைக் கடக்க ஒரு வழிக்கு முக்கால் மணி நேரம் ஆகும். பண்ணையும் தேநீருமாகச் சேர்த்து அரை நாளை ஒதுக்கிவிடுங்கள். கப்பலில் காற்றுப் படாமல் உட்காரும் கூடம் இருக்கிறது. திரும்பும் வழியில் அங்கே பியானோ வாசித்துப் பழைய பாட்டுகளைப் பாடுவார்கள். இயந்திர அறையின் மேல்நடைபாதையில் வெப்பமும் இரைச்சலும் அதிகம் என்பதால் அம்மா அங்கே சில நிமிடங்கள் நின்றால் போதும்.

அங்கே டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கோடை. கோடையிலும் ஏரிக்காற்று குளிரும் என்பதால் கம்பளிச் சால்வையும், வெயில் உறைக்கும் என்பதால் தொப்பியும் சேர்ந்தே வேண்டும். குளிர்காலத்தில் கப்பலைக் கரையேற்றிப் பழுதுபார்க்கும் சில வாரங்களில் வேறு படகே அக்கரைக்குப் போகும். மே முதல் ஜூலை வரை போகிறவர்கள் முன்பதிவுக்கு முன் இதைக் கேட்டுக்கொள்ளாவிட்டால், எர்ன்ஸ்லாவுக்காகப் போய் எர்ன்ஸ்லாவைப் பாராமல் வர நேரிடும். சைவ உணவு வேண்டுமென்றால் முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள்.

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு விசா தேவை. விமான நிலையச் சோதனையைப் பற்றி ஓர் எச்சரிக்கை: பொடி, ஊறுகாய், முறுக்கு எதுவானாலும் படிவத்தில் எழுதிவிடுங்கள். எழுதிக் காட்டினால் பெரும்பாலும் பார்த்துவிட்டு விடுவார்கள், அல்லது பொருளை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். எழுதாமல் பிடிபட்டால் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். செருப்பிலும் பூட்ஸிலும் ஒட்டிய மண்ணைக்கூடக் கழுவிவிட்டுப் போங்கள். கால்நடையை நம்பி வாழும் தீவு நாட்டுக்கு ஒரு நோய்க்கிருமி எவ்வளவு பெரிய பகை என்பது பண்ணையைப் பார்த்தபின் தானே விளங்கும்.

கேள்வி: அந்த ஏரி மூச்சு விடுகிறது என்கிறார்களே? (ஈரோடு மாணவி)

பதில்: நீர்மட்டம் அரை மணிக்குச் சற்றுக் குறைவான இடைவெளியில் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் ஏறி இறங்குவது உண்மை. காற்றும் காற்றழுத்த மாற்றமும் நீண்ட ஏரியின் ஒரு முனையில் நீரைச் சற்றே தள்ளிவிட, தட்டில் ததும்பும் பாயசத்தைப் போல அது இரு முனைகளுக்கும் இடையே ஊசலாடிக்கொண்டிருக்கிறது. மாவோரி மக்களின் கதையில் மத்தாவு என்ற அரக்கன் மனத்தா என்ற பெண்ணைத் தூக்கிப்போகிறான். அவளைக் காதலித்த மத்தாகவுரி, அரக்கன் உறங்கும்போது தீ வைத்து அவனை எரிக்கிறான். மடங்கிப் படுத்திருந்த அவனுடைய உடலின் பள்ளமே ஏரி. எரியாமல் எஞ்சிய நெஞ்சு அடியில் துடிப்பதால் நீர் ஏறி இறங்குகிறது. உண்மையில் அந்தப் பள்ளத்தைக் குடைந்தது பனியாறு. ஏரியின் மேற்பரப்பு கடல்மட்டத்துக்கு மேல் 310 மீட்டர். ஆழமோ 380 மீட்டர். ஆகவே ஏரியின் தரை கடல்மட்டத்துக்கும் கீழே இருக்கிறது.

கேள்வி: கப்பலில் எனக்குத் தலைசுற்றும். வால்டர் பீக்குக்குக் காரில் போக முடியாதா? (புதுச்சேரி வாசகர்)

பதில்: குயின்ஸ்டவுனிலிருந்து நேர்ச்சாலை கிடையாது. மலைத்தொடரைத் தெற்கே சுற்றி, மாஸ்பர்ன் என்ற ஊர் வழியாக மவோரா ஏரிகளைக் கடந்து, வான் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கும் சரளைக்கல் சாலை ஒன்று உண்டு. எதிரே கண்ணுக்குத் தெரியும் கரைக்கு அரை நாள் கார் ஓட்டுவதைவிட, முக்கால் மணி நேரம் கப்பலின் நடுப்பகுதியில் நின்று பார்ப்பது நல்லது. அங்கே ஆட்டம் குறைவு. அந்தச் சரளைச் சாலையை இப்போது அதிகம் விரும்புகிறவர்கள் மலைகளைச் சுற்றிவரும் சைக்கிள் பயணிகள். அவர்களும் ஏரியைக் கடக்க எர்ன்ஸ்லாவையே நம்பியிருக்கிறார்கள். நான் ஏறிய நாளில், ஒரு காலத்தில் ஆடுகளையும் கம்பளிப் பொதிகளையும் சுமந்த அதே கப்பலின் தளத்தில் ஆறு சைக்கிள்களை வரிசையாகச் சாய்த்துக் கயிற்றால் கட்டிவைத்திருந்தார்கள்.